ஹெய்கே நண்டின் முகம்

ஜப்பானின் ஹொன்ஷூ, ஷிகோகு, கியூஷூ ஆகிய மூன்று தீவுகளுக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கும் உள்நாட்டுக் கடலில், சேறும் மணலும் கலந்த தரையில் வாழும் ஒரு சிறு நண்டுக்கு ஹெய்கே-கனி என்று பெயர். கனி என்பது நண்டு. ஹெய்கே என்பது 12ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஆட்டிப் படைத்து, பிறகு ஒரே பகலில் கடலுக்குள் முடிந்துபோன தைரா குலத்தின் மற்றொரு பெயர். நண்டின் ஓடு ஏறத்தாழ 3 செ.மீ. அகலமே இருக்கும், கண்கள் உள்ள முன்விளிம்பை மேலே வைத்துப் பார்த்தால், அந்த ஓட்டின் பள்ளங்களும் மேடுகளும் சேர்ந்து, புருவத்தை நெரித்து, கண்களைச் சாய்த்து, உதட்டை இறுக்கிய ஒரு மனித முகமாகத் தோன்றும். போரில் தோற்றுக் கடலில் மூழ்கிய தைரா வீரர்களே இந்த நண்டுகளாகத் திரிகிறார்கள், அவர்களின் ஆற்றாமையே ஓட்டில் பதிந்திருக்கிறது என்பது அந்தக் கரைகளில் வழங்கும் கதை. இந்தக் கதையிலிருந்து பிறந்த ஓவியங்களைப் பற்றியும், அவற்றை உருவாக்கியவர்கள் எதிர்கொண்ட ஒரு குறிப்பான சிக்கலைப் பற்றியும் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்தச் சிக்கல், இயற்கையே பாதி வரைந்து வைத்துவிட்ட ஒரு முகத்தின் மறுபாதியைக் கலைஞர் எவ்வளவு தூரம் வரையலாம் என்பதாகும்.

கதையின் வேர் 1185ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நடந்த தன்-நோ-உரா கடற்போரில் இருக்கிறது. ஹொன்ஷூவின் மேற்கு முனையிலுள்ள ஷிமோனோசெக்கிக்கும் கியூஷூவின் வடமுனையிலுள்ள மோஜிக்கும் இடையே, இன்று பாலமும் சுரங்கப்பாதையும் அமைந்திருக்கும் கன்மோன் நீரிணையில், சிவப்புக் கொடி ஏற்றிய தைராக்களும் வெள்ளைக் கொடி ஏற்றிய மினமோதோக்களும் மோதினார்கள். நாளுக்குச் சில முறை திசை மாறிப் பாயும் கடுமையான நீரோட்டம் கொண்ட அந்த இடுக்கில் தைராக்கள் தோற்றார்கள். தைரா குலத்துப் பெண்ணுக்குப் பிறந்த பேரரசர் அந்தோகு அப்போது ஜப்பானியக் கணக்கில் எட்டு வயதுச் சிறுவன். அவனைப் பாட்டி தோகிகோ அணைத்துக்கொண்டு, அரசுரிமையின் சின்னமான வாளோடு கடலில் பாய்ந்தாள். சிறுவனின் தாயும் பாய்ந்தாள் என்றாலும், மினமோதோ வீரர்கள் அவளுடைய நீண்ட கூந்தலில் கொக்கியை மாட்டி மேலே இழுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் அவள் கியோத்தோவுக்கு வடக்கே ஒஹாராவில் துறவியாக வாழ்ந்தாள். சிறுவனோ திரும்பவில்லை.

இந்நிகழ்வுகளைப் பார்வையற்ற பாடகர்கள் பீவா என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டியபடி ஊர் ஊராகப் பாடினார்கள். அவர்கள் பாடிய பாடம் 14ஆம் நூற்றாண்டில் எழுத்தில் நிலைபெற்று, 'ஹெய்கே மோனோகதாரி' என்னும் பெருங்காவியமாக நமக்குக் கிடைத்திருக்கிறது. ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது இக்காவியத்தில் கவனிக்க வேண்டிய ஒரு சிறு செய்தி உண்டு. தைராக்களின் கடற்படைத் தலைவன் தோமோமோரி, எல்லாம் முடிந்தது என்று தெரிந்ததும், உடல் மிதந்துவிடாதபடி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கவசங்களை அணிந்து கடலில் குதிக்கிறான். நங்கூரத்தைச் சுமந்துகொண்டு குதிப்பவர்கள் அவனுடைய சிற்றப்பன்மார்களான நோரிமோரியும் த்சுனேமோரியுமே. ஆனால் இன்று ஜப்பானில் தோமோமோரி என்றதும் எவர் மனத்திலும் எழுவது நங்கூரத்தோடு நிற்கும் உருவம்தான். சிற்றப்பன்மார்களின் நங்கூரத்தை எடுத்து மகன்முறையானவன் கையில் கொடுத்தது நாடக மேடை. நண்டின் முகத்துக்கும் இதே போன்ற ஒரு கைமாற்றம் நிகழ்ந்திருக்கிறது என்பதால் இதை இங்கே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

மேடையில் தோமோமோரி இரண்டு முறை பிறந்தான். முதலாவது, கன்ஸே நொபுமித்சு எழுதிய 'ஃபுனா பென்கேய்' என்னும் நோ நாடகம். நோ என்பது முகமூடி அணிந்து, மிகக் குறைந்த அசைவுகளோடு, பாட்டும் மத்தளமும் துணைவர ஆடப்படும் பழைய நாடக வகை. போரை வென்று கொடுத்த மினமோதோ யோஷித்சுனே, தன் அண்ணனின் பகைக்கு ஆளாகி, இன்றைய அமகசாகி நகரத்தை ஒட்டிய தைமோத்சு துறையிலிருந்து படகில் தப்பிச் செல்லும்போது, கடலிலிருந்து தோமோமோரியின் ஆவி எழுந்து அவனைத் தாக்குகிறது. யோஷித்சுனேயின் துணைவனான துறவி-வீரன் பென்கேய் செபமாலையை உருட்டி மந்திரம் ஓதி அதை விரட்டுகிறான். இரண்டாவது, 1747இல் ஒசாகாவில் பொம்மலாட்டமாக அரங்கேறி, உடனே கபுகி மேடைக்கும் போன 'யோஷித்சுனே சென்போன் சகுரா'. இதில் தோமோமோரி போரில் சாகாமல் மறைந்து வாழ்ந்தவனாகக் காட்டப்படுகிறான். இரண்டாம் முறையும் தோற்றபின், நங்கூரக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, நங்கூரத்தைத் தலைக்குமேல் தூக்கிக் கடலில் எறிய, கயிறு அவனைப் பின்னோக்கி இழுத்துச் செல்கிறது. கபுகியில் பார்வையாளர்கள் மூச்சை அடக்கிப் பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

கபுகி நடிகர்கள் உணர்ச்சியின் உச்சத்தில் அசைவற்று உறைந்து, கண்ணைச் சுழற்றி, வாயைக் கீழ்நோக்கி இறுக்கிக் காட்டும் நிலைக்கு மியே என்று பெயர். முகத்தின் தசை மடிப்புகளைப் பெரிதாக்கி வரையும் வண்ணக் கோடுகளுக்குக் குமதோரி என்று பெயர். வீரருக்குச் சிவப்பும், ஆவிகளுக்கும் தீயவர்களுக்கும் நீலமும் என்பது அதன் பொது இலக்கணம். ஹெய்கே நண்டின் ஓட்டில் உள்ள 'சாமுராய் முகம்' எதைப் போல இருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தால், அது 12ஆம் நூற்றாண்டில் கடலில் மூழ்கிய எந்தப் போர்வீரனின் முகத்தையும் போல இல்லை என்பதும், 18ஆம் நூற்றாண்டு மேடையில் மியே காட்டி நிற்கும் நடிகனின் வரையப்பட்ட முகத்தைப் போலவே இருக்கிறது என்பதும் புலப்படும். நெரித்த புருவம், மேல்நோக்கிச் சாய்ந்த கண், பிதுங்கிய மூக்கு, வளைந்து இறங்கும் வாய் ஆகியவை குமதோரிக் கோடுகள் அழுத்திக் காட்டும் இடங்கள். தைராக்களின் அரசவை ஓவியங்களில் முகங்கள் வேறு விதமாக வரையப்பட்டன: கண்ணுக்கு ஒரு மெல்லிய கோடு, மூக்குக்கு ஒரு சிறு கொக்கி, அவ்வளவுதான். அந்தக் காலத்து ஓவியர் ஒருவர் இந்த நண்டைப் பார்த்திருந்தால், தம் குலத் தலைவனின் முகத்தை அதில் கண்டிருப்பாரா என்பது ஐயமே.

இந்த மேடை முகத்தை நண்டின்மீது உறுதியாகப் பதித்தவர்களில் முதன்மையானவர் உதாகவா குனியோஷி. 1798இல் எதோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், பட்டுத்துணிக்குச் சாயமிடும் ஒருவருக்கு மகனாகப் பிறந்த அவர், 1827 அளவில் 'சூய்கோதென்' என்னும் சீனக் கதையின் வீரர்களைக் காட்டும் படவரிசையால் புகழடைந்து, 1861இல் மறையும்வரை மரக்கட்டை அச்சு ஓவியத்தின் பெரும் ஆளுமைகளில் ஒருவராக விளங்கினார். நண்டுகளைப் பற்றிப் பேசும்முன் அவருடைய வேறு சில படங்களை நினைவுகூர்வது பொருந்தும். 1842இல், தெம்போ சீர்திருத்தம் எனப்படும் சிக்கன ஆணைகளின் பகுதியாக, நடிகர்களையும் கணிகையரையும் அச்சில் வெளியிட அரசு தடை விதித்தது. அச்சு ஓவியர்களின் பிழைப்பே நடிகர் படங்களில் இருந்தது. குனியோஷி என்ன செய்தார் என்றால், மீன்களை வரைந்து அவற்றுக்கு நடிகர்களின் முகங்களைக் கொடுத்தார்; சில ஆண்டுகள் கழித்து ஆமைகளுக்கும் கொடுத்தார். சுவரில் பொழுதுபோகாதவன் கிறுக்கிய கிறுக்கல் போன்ற படங்களை வெளியிட்டார். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கிறுக்கலும் ஒரு நடிகர். ஆடையற்ற பல மனித உடல்களை ஒன்றோடொன்று பின்னி ஒரே ஒரு பெரிய முகமாக்கிய படமும் இதே 1840களைச் சேர்ந்ததுதான். எதோ மக்களும் இந்த விளையாட்டில் தேறியவர்கள். 1843இல் அவர் வெளியிட்ட மண்சிலந்திப் பூதத்தின் படத்தில் அரசின் உயர் அதிகாரிகளே மறைந்திருக்கிறார்கள் என்று ஊரே பேசத் தொடங்க, பதிப்பாளர் அஞ்சிப் படத்தைத் திரும்பப் பெற நேர்ந்தது.

ஆகவே முகமுள்ள நண்டு என்பது குனியோஷிக்குப் புதிய பொருள் அன்று. கடல் உயிருக்குள் மனித முகத்தை வைப்பது அவருடைய கை நன்கு பழகிய வேலை. வேறுபாடு என்னவென்றால், மீனுக்கும் ஆமைக்கும் அவர் தாமே முகம் தர வேண்டியிருந்தது. நண்டு அதைத் தானே கொண்டுவந்தது. தைமோத்சு துறையின் கடலடியைக் காட்டும் அவருடைய மூன்று தாள் படத்தில், தோமோமோரி தன் நங்கூரத்தோடும் இறந்த குலத்தாரோடும் கடல் தரையில் இருக்க, சுற்றிலும் நண்டுகள் ஊர்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் சினந்த முகம். மூன்று தாள் படம் என்பது, ஏறத்தாழ 39 செ.மீ. உயரமும் 26 செ.மீ. அகலமும் கொண்ட தாள்கள் மூன்றைப் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒரே காட்சியாக்கும் முறை. ஒவ்வொரு தாளும் தனியே நிற்க வேண்டும், சேர்த்து வைத்தால் அலையும் புகையும் தாளுக்குத் தாள் தடையின்றிப் பாய வேண்டும். அகன்ற கடலைக் காட்ட இதைவிடப் பொருத்தமான வடிவம் அன்றைய ஓவியரிடம் இல்லை.

இந்தப் படம் எப்படி உருவாகியிருக்கும் என்பதை அச்சுத் தொழிலின் நடைமுறையிலிருந்து அறியலாம். ஓவியர் மெல்லிய தாளில் தூரிகையால் கோட்டோவியத்தை மட்டும் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் முகம் கவிழ்த்து ஒட்டி, கோடுகள் மட்டும் மேடாக நிற்கும்படி மற்ற மரத்தைக் கழித்தெடுப்பார். ஓவியரின் மூலப்படம் இந்த வேலையிலேயே அழிந்துபோகும். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. அச்சிடுபவர் ஈரமாக்கிய தாளைப் பலகையின் மூலையில் செதுக்கிய அடையாள வெட்டில் பொருத்தி, மூங்கில் மடலால் போர்த்திய வட்டத் தேய்ப்பான் ஒன்றால் முதுகுப்புறம் தேய்த்து நிறத்தை ஏற்றுவார். கடலின் ஆழத்தைக் காட்டும் நீலம், 1830 அளவில் ஜப்பானிய அச்சில் பரவலான பெர்லின் நீலம். பலகையிலேயே ஈரத்துணியால் நிறத்தைத் துடைத்து, அடர்வு படிப்படியாகக் குறையும்படி செய்யும் போகாஷி என்னும் உத்தியால் ஒரே தாளில் மேல்நீரும் அடிநீரும் வேறுபடும். செதுக்குபவர்களுக்குள்ளும் படிநிலை உண்டு: முகமும் தலைமுடியும் செதுக்குவதற்குக் கைதேர்ந்த மூத்தவர், ஆடையும் பின்புலமும் செதுக்க இளையவர்கள். நண்டின் முதுகு இவர்களில் எவர் கணக்கில் சேரும் என்பது சுவையான கேள்வி. அது முகம் என்றால் மூத்தவருக்கு, ஓடு என்றால் இளையவருக்கு.

இதே காலத்தில் குனியோஷி அதே தைமோத்சு துறையை இன்னொரு மூன்று தாள் படத்திலும் வரைந்தார். அதில் யோஷித்சுனேயின் படகு பெரும் அலைகளுக்கு நடுவே தள்ளாட, அடிவானத்தில் தைரா வீரர்களின் ஆவிகள் எழுகின்றன. ஆனால் அவற்றுக்கு முகம் இல்லை, உடலின் நிழலுருவங்கள் மட்டுமே உண்டு. கொம்புவைத்த தலைக்கவசமும் ஈட்டியும் தெரியும் அந்தச் சாம்பல் நிழல்களில், எவன் எவன் என்று அறிய வழியில்லை. இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு, நிழல்களின் படமே அச்சத்தை ஆழமாக எழுப்பும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. நண்டுப் படம் ஒரு புதிரின் விடையை உரக்கச் சொல்லிவிடுகிறது. பார்ப்பவர் கண்டுபிடிக்க வேண்டியதை ஓவியரே கண்டுபிடித்துக் கோடு கிழித்துக் கொடுத்துவிடுகிறார். வேடிக்கைப் படங்களில் அவருக்குக் கைகொடுத்த வெளிப்படைத்தன்மை, துயரக் கதைக்கு அதே அளவில் கைகொடுக்கவில்லை. பின்னாளில் அவருடைய மாணவர் யோஷிதோஷி, 1889இல் தொடங்கிய தம் 36 ஆவிகள் படவரிசையில் தோமோமோரியின் ஆவியைக் கடலின்மேல் நிறுத்தியபோது, அந்தத் தனி உருவத்தின் நிலையைக் கொண்டே வேலையை முடித்துக்கொண்டார்.

நண்டின் முகம் தைராக்களுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. ஒசாகா விரிகுடாவை ஒட்டிய பகுதிகளில் இதே நண்டுக்கு ஷிமாமுரா நண்டு என்று பெயர். 1531இல் நடந்த ஒரு போரில், பகைவர் இருவரை இரு கைகளிலும் இடுக்கிக்கொண்டு ஆற்றில் பாய்ந்து இறந்த ஷிமாமுரா தன்ஜோ தகனோரி என்ற வீரனே நண்டானான் என்பது அங்குள்ள கதை. தகெபுன் நண்டு என்ற பெயரும் உண்டு. அது வேறொரு காலத்தில், எஜமானியைக் காக்க முடியாமல் கடலில் மாண்ட இன்னொரு வீரனுடையது. ஒரே விலங்கு, ஒரே முகம், ஊருக்கு ஊர் வேறு வேறு இறந்தவர். குனியோஷி ஷிமாமுராவையும் விடவில்லை. பெரும் நண்டுகளின் முதுகில் ஏறி அலைகளின்மேல் செல்லும் அவனுடைய படத்தை அவர் 1840களில் வெளியிட்டார். 3 செ.மீ. நண்டை ஆள் நிற்கும் அளவுக்குப் பெருக்கிய அந்தத் துணிச்சல், கடலடிப் படத்தில் இல்லாத ஒரு விடுதலையை இந்தப் படத்துக்குக் கொடுத்திருக்கிறது. இங்கே நண்டு சின்னமாக நிற்கவில்லை, வாகனமாகிறது.

ஓவியர்கள் முகத்தை அழுத்திக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், முகத்தைப் பொருட்படுத்தாமல் நண்டை வரைந்தவர்களும் இருந்தார்கள். ஷோகுன் அரசின் மருத்துவரான குரிமோதோ தன்ஷூ, மீன்களையும் பூச்சிகளையும் நண்டு வகைகளையும் நேரில் பார்த்து நிறத்தோடு வரைந்து தொகுத்தார். நாகசாகியின் தெஜிமா தீவிலிருந்த டச்சு வாணிக நிலையத்தில் மருத்துவராகப் பணிபுரிந்த ஜெர்மானியர் ஸீபோல்ட், 1826இல் எதோவுக்கு வந்தபோது இவரைச் சந்தித்து, இவருடைய நண்டுப் படங்களைப் பெற்றார். அவை லைடன் அருங்காட்சியகத்தின் தெ ஹான் எழுதிய ஜப்பானிய ஓட்டுடலிகள் பற்றிய நூலுக்குப் பயன்பட்டன. ஹெய்கே நண்டுக்கு அறிவியல் பெயரில் 'ஜப்பானிக்கா' என்ற அடையைக் கொடுத்தவரும் ஸீபோல்டே, 1824இல். இன்று அதன் முழுப்பெயர் ஹெய்கியோப்சிஸ் ஜப்பானிக்கா. பேரினப் பெயரிலேயே தைரா குலம் குடியேறிவிட்டது என்பதைக் கவனிக்கலாம். விலங்கியலாளரின் படத்தில் அளவிட வேண்டியவை கால்களின் நீளமும் ஓட்டின் விளிம்பும்தான். முகம் அங்கே தற்செயலாகத் தெரிந்தால் தெரியலாம், அதற்கென்று ஒரு கோடும் கூடுதலாக விழாது.

20ஆம் நூற்றாண்டில் விலங்கியலாளர்களில் ஒருவரே அந்தத் தற்செயலை மறுத்தார். பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி, 1952இல் 'லைஃப்' இதழில் எழுதிய கட்டுரையில், இத்தனை துல்லியமான ஒற்றுமை வெறும் விபத்தாக இருக்க முடியாது என்று கருதி, மீனவர்கள் முகம் தெரியும் நண்டுகளை அஞ்சிக் கடலில் விட்டு, முகமில்லாதவற்றை எடுத்துக்கொண்டதால், தலைமுறைதோறும் முகம் தெளிவடைந்தது என்று விளக்கினார். 1980இல் கார்ல் சேகன் 'காஸ்மாஸ்' தொலைக்காட்சித் தொடரில் இதையே செயற்கைத் தேர்வுக்கு எடுத்துக்காட்டாக்கினார்; செயற்கைத் தேர்வு என்பது, விவசாயி நல்ல விதையைப் பொறுக்குவதுபோல் மனிதத் தலையீட்டால் ஓர் உயிரினத்தின் பண்புகள் மாறுவது. கேட்கச் சுவையான விளக்கம் இது; உலகம் முழுவதும் பல பள்ளி மாணவர்களுக்கு ஹெய்கே நண்டு அறிமுகமானதும் இதனால்தான்.

ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஓட்டுடலி ஆய்வாளர் ஜோயல் மார்ட்டின், 1993இல் இதைக் கட்டுடைத்தார். முதலாவது, இந்த நண்டை எவரும் உண்பதில்லை. முகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வலையில் சிக்கியது கடலுக்கே திரும்பும் என்னும்போது, மீனவர் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு இடமில்லை. இரண்டாவது, ஓட்டின் பள்ளங்கள் அலங்காரம் அல்ல. உள்ளே தசைகள் பற்றிக்கொள்ளும் இடங்கள் வெளியே பள்ளமாகவும், அவற்றுக்கிடையே உள்ளுறுப்புகள் நிற்கும் இடங்கள் மேடாகவும் தெரிகின்றன. மூன்றாவது, இதே அமைப்பு இந்த நண்டின் உறவினங்களிலும், மனிதன் தோன்றுவதற்கு முன்பே வாழ்ந்த புதைபடிவ நண்டுகளிலும் காணப்படுகிறது. ஹெய்கே நண்டு அடங்கிய டோரிப்பிடே குடும்பத்து நண்டுகள் இந்தியக் கடற்கரைகளிலும் உண்டு. வங்கக் கடலில் இழுவலை போடும் படகுகளில் விற்பனைக்கு ஆகாதவற்றோடு அவையும் ஏறிவரும். முதுகில் மேடும் பள்ளமும் அவற்றுக்கும் இருக்கின்றன; சினந்த முகம் ஒன்றை அவற்றில் கண்டு கதை கட்ட இங்கே எவரும் முனையவில்லை.

முகமில்லாத பொருளில் முகத்தைக் காணும் மனப்பழக்கத்துக்கு உளவியலில் பரேடோலியா என்று பெயர். இரு புள்ளியும் கீழே ஒரு கோடும் போதும், மனித மூளை அதை முகம் என்றே முதலில் வாசிக்கும். ஆனால் அது எந்த முகம் என்பதை மூளை தானாகத் தீர்மானிப்பதில்லை. பார்த்துப் பழகிய முகங்களின் சேமிப்பிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டுகிறது. ஹக்ஸ்லி சாமுராயின் சினந்த முகம் என்று எதைக் கண்டாரோ, அந்த முகம் மேற்குலகுக்குப் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு அச்சு ஓவியங்கள் வழியாகவே போய்ச் சேர்ந்திருந்தது. அச்சுகளுக்கோ அது கபுகி மேடையிலிருந்து வந்திருந்தது. இவ்வகையில் பார்த்தால், தேர்வு ஒன்று நடந்தது என்னும் ஹக்ஸ்லியின் உள்ளுணர்வு முழுக்கத் தவறு என்று தள்ளிவிட வேண்டியதில்லை; அவர் தேடிய இடம்தான் தவறு. தேர்வு நடந்த இடம் செர்ரி மரப் பலகை. தெளிவாக முகம் தெரியும் நண்டுகளே வரையப்பட்டன, அவையே திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டன, அவற்றைப் பார்த்த அடுத்த ஓவியர் இன்னும் தெளிவான முகத்தை வரைந்தார். கடலில் இருந்த நண்டு மட்டும் இருந்தபடியே இருந்தது.

கதையை மேற்கே கொண்டுசென்றவர்களில் லாஃப்காடியோ ஹெர்னுக்குத் தனியிடம் உண்டு. கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் பிறந்து ஜப்பானியக் குடிமகனான அவர், 1902இல் வெளிவந்த 'கோத்தோ' நூலில் இந்த நண்டுக்கென்றே ஒரு சிறு கட்டுரை எழுதினார். 1904இன் 'க்வைதான்' நூலில் காதற்ற ஹோயிச்சி என்னும் பீவா பாடகனின் கதைக்கு முன்னுரை போல நண்டுகளைக் குறிப்பிட்டார். கோபயாஷி மசாகி அதே கதையைத் திரைப்படமாக்கியபோது, தன்-நோ-உரா போரைக் கடலில் எடுக்காமல் அரங்கத்துக்குள் செயற்கை நீரில் எடுத்து, போர்க்காட்சியின் பழைய பாணி ஓவியத்தோடு மாற்றி மாற்றிக் காட்டினார். படம் 1965இல் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. ஷிமோனோசெக்கியிலுள்ள அகாமா ஆலயத்தில், சிறுவன் அந்தோகுவின் நினைவிடத்துக்கு அருகே தைராக்களின் கல்லறைகளும் ஹோயிச்சியின் உருவச்சிலையும் இருக்கின்றன. ஆலயத்தின் வாயில், கடலடியில் உள்ளதாகக் கதைகள் சொல்லும் நாகராசனின் அரண்மனை வாயிலைப் போலக் கட்டப்பட்டிருக்கிறது.

இன்று இந்தக் கதையை வைத்துப் படம் வரைய அமர்பவருக்கு இத்தனை படங்களும் உதவியாகவும் சுமையாகவும் இருக்கும். ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்தாலும், கை தானாகவே புருவத்தைத் தடிப்பாக்கும். கண் இருக்க வேண்டிய பள்ளத்தில் கருமை ஒரு மடங்கு கூடும். இதைத் தவிர்க்க விரும்புபவருக்கு நண்டின் உடலே சில வழிகளைக் காட்டுகிறது. ஓட்டின்மீது நேர் மேலிருந்து ஒளி விழுந்தால் பள்ளங்கள் தட்டையாகி முகம் மங்கும்; பக்கவாட்டில் தாழ்ந்து விழுந்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் பிறந்து முகம் எழும். முகத்தைக் கோட்டால் வரையாமல் ஒளியின் சாய்வால் மட்டும் வரவழைத்தால், அதை முகமாக வாசிப்பதா ஓடாக வாசிப்பதா என்ற முடிவு பார்ப்பவரிடமே இருக்கும். மைக்கரைசலைக் கொண்டு தீட்டுபவர்க்கு இது எளிது. கோட்டை நம்பியிருக்கும் மரக்கட்டை அச்சில் இதைச் செய்ய, ஓட்டுக்குக் கோட்டுப் பலகையே இல்லாமல் நிறப் பலகைகளையும் போகாஷியையும் மட்டும் கொண்டு அச்சிட வேண்டியிருக்கும். கண் என்று தோன்றும் பள்ளத்துக்குள் விழி வரையக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பான விதியாகவே கொள்ளலாம். விழியை வைத்த கணத்தில் நண்டு போய் முகமூடி வந்துவிடும்.

கலைஞர்கள் பெரும்பாலும் தவறவிடும் இன்னொரு பகுதி, நண்டின் பின்கால்கள். இந்த நண்டுக்கு நான்கு இணை நடைக்கால்கள் உண்டு என்றாலும், முன்னிரு இணைகளே நீண்டு நடக்கப் பயன்படுகின்றன. கடைசி இரு இணைகள் குட்டையாகி, முதுகின்மேல் மடங்கி, நுனியில் கொக்கிபோல் வளைந்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு நண்டு ஒரு சிப்பி ஓட்டைத் தூக்கித் தன் முதுகின்மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே ஊர்கிறது. எதிரியின் கண்ணிலிருந்து தப்ப அதற்குத் தெரிந்த வழி இது. பல தலைமுறைகளாக வரையப்பட்ட, அச்சடிக்கப்பட்ட, விவாதிக்கப்பட்ட அந்த முகம், கடலடியில் பெரும்பாலான நேரம் ஒரு சிப்பிக்கு அடியில்தான் இருக்கிறது. முகத்தைக் காட்ட வேண்டுமானால் சிப்பியை அகற்றியாக வேண்டும். குனியோஷி தம் கடலடிக் காட்சியில் அதை அகற்றிவிட்டே நண்டுகளை ஊரவிட்டார், நாடகத்துக்கு அது தேவைப்பட்டது. சிப்பியோடு சேர்த்து வரைபவரோ முகத்தை இழக்கிறார், ஆனால் அதற்கு ஈடாக, தோற்றுப்போய் ஒளிந்து வாழும் குலத்தைப் பற்றிய கதைக்கு, 'யோஷித்சுனே சென்போன் சகுரா'வில் வேறு பெயரில் மறைந்து வாழும் தோமோமோரிக்கு, முகத்தைவிட நெருக்கமான ஓர் உருவத்தை அந்த வளைந்த பின்கால்களிலிருந்தே பெற்றுக்கொள்கிறார்.